ஜெர்மனியில் ஆங்கில டெக்னிக்கல் ரைட்டர்கள் எங்கே கூடுகிறார்கள்?

ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். ஷான்சென்கார்ட்டே (வேலை தேடுவதற்கான) விசா, ஒரு வருடத்தில் 4 மாதம் போய்விட்டது. ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) ஆவணங்களில் 7 வருட அனுபவம், ஜெர்மன் பி1 (இடைநிலை). இதுவரை ஒரு இன்டர்வியூகூட வரவில்லை.

‘டெக்னிக்கல் ரைட்டர்’ என்று தேடினால் சொற்பம்தான் சிக்குகிறது. இங்கே பதவியின் பெயர் ‘டெக்னிஷர் ரெடாக்டோர்’. அப்படித் தேடினால் பட்டியல் நீள்கிறது, ஆனால் நான் பார்த்தவற்றில் முக்கால்வாசி இயந்திரக் கையேடு வேலை: ஐஇசி 82079 (கையேடு எழுதுவதற்கான தரநிலை) தெரியணும், ஷேமா எஸ்டி4 (கையேடு தயாரிக்கும் மென்பொருள்) கையாண்டிருக்கணும், ஜெர்மன் சி1 (உயர்நிலை) வேணும். என் கையில் இருப்பது மென்பொருள் ஆவணத்துக்கான மார்க்டவுன், கிட், ஓபன்ஏபிஐ.

ரைட் த டாக்ஸ் என்ற ஆவணம் எழுதுவோர் குழுவின் ஸ்லாக்கில் வேலை சேனலைத் தினமும் பார்க்கிறேன். ‘ரிமோட்’ என்று தலைப்பில் போட்டுவிட்டு, ‘அமெரிக்காவுக்குள் மட்டும்’ என்பதைக் கடைசி வரியில் ஒளித்து வைக்கிறார்கள். டெகோம் என்ற டெக்னிக்கல் ரைட்டர் சங்கத்தின் மாநாடு இதே ஊரில்தான், ஆனால் நவம்பரில்.

பழைய வேலையெல்லாம் என்டிஏவில் (ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில்) மாட்டியிருக்கிறது. அதனால் ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் நிறுவல் பக்கத்தைத் திருத்தி, டோக்கன் (அணுகல் சாவி) காலாவதியாகி 401 பிழை வந்தால் என்ன செய்வது என்ற பகுதியைச் சேர்த்து, அதையே மாதிரியாக அனுப்புகிறேன்.

ஜெர்மனியில் ஆங்கில ஏபிஐ ஆவண வேலையில் இருப்பவர்களே, ஆள் எடுக்கும் டாக்ஸ் லீடுகளை (ஆவணக் குழுத் தலைவர்களை) எந்தச் சந்திப்பில் அல்லது குழுவில் நேரடியாகப் பிடித்தீர்கள்?