நரி கொழுத்ததோ மெலிஞ்சதோ: வயித்தைப் பாத்து ஏமாறாதேங்கோ

பனங்காட்டான்:
இலங்கையின்ர வடக்கில, சுண்டிக்குளப் பக்கத்து நரிப் படங்களுக்குக் கீழ "நல்லாக் கொழுத்திருக்கு" எண்டு எழுத முந்தி, வயித்தை விட்டிட்டு முதுகைப் பாருங்கோ. வயிறு இரையாலயும் உருளும், குட்டியாலயும் உருளும், பூச்சியாலயும் உருளும். முள்ளந்தண்டு, இடுப்பெலும்பு முனை, வாலடி இந்த மூண்டிலயும் எலும்பு துருத்தினால் மெலிவுதான். மிருகம் பக்கவாட்டில நேரா நிக்கிற படம் வேணும். குனிஞ்சு மணக்கேக்கை முதுகு வளையும். நல்ல நரியும் எலும்பாத் தெரியும். 5க்கு எத்தினை எண்டு ரெண்டு பேர் தனித்தனியாப் புள்ளி போட்டு ஒப்பிடுங்கோ.

கேணியடி:
பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாதாம். ஏ9 வீதியில அஞ்சாமல் நிண்டுதான் அடிபடுது. அப்பிடிச் செத்ததில கொழுப்பு எவ்வளவு எண்டு பாக்க வெட்ட முந்தி வனசீவராசிகள் திணைக்களத்திட்ட அனுமதி எடுக்கோணும். விசர்நோய் இருக்கலாம், எச்சில், மூளை பக்கம் வெறுங்கை போகக்கூடாது.

சிறுநீரகம் ரெண்டையும் கொழுப்போட எடுத்து, ரெண்டு நுனிக்கும் வெளியால நீட்டிக்கொண்டிருக்கிற கொழுப்பை நேராய் வெட்டி விடுங்கோ. மிச்சக் கொழுப்பை உரிச்சுத் தனிய நிறுத்து, சிறுநீரக நிறையால பிரிச்சு 100ஆல பெருக்கோணும். கொழுப்பு 12 கிராம், சிறுநீரகம் 40 கிராம் எண்டால், சிறுநீரகக் கொழுப்புச் சுட்டி 30. சிறுநீரகத்தின்ர நிறையே பருவத்தோட மாறும், அதால கொழுப்பு நிறையையும் பக்கத்தில குறிச்சு வையுங்கோ.

வெள்ளாப்பு:
அண்ணை, அந்தக் கணக்கு 0 வந்தால் வேலை முடியேல்லை. பட்டினியில முதல் கரையிறது தோலுக்குக் கீழ உள்ள கொழுப்பு, பிறகு சிறுநீரகத்தைச் சுத்தினது, கடைசியாத்தான் எலும்பு மச்சை, அதாவது எலும்புக்குள்ள இருக்கிற ஊன். தொடையெலும்பை உடைச்சால் மச்சை வெள்ளையாய் இறுகி இருக்கோணும். சிவந்து களி மாதிரி வழிஞ்சால் அந்த மிருகம் சாகிற நிலைக்குப் பட்டினி கிடந்திருக்கு. குட்டியில மட்டும் இந்த நிறத்தை நம்பாதேங்கோ. அதுகளுக்கு மச்சையில இரத்தம் ஊறுறதால இயல்பாவே சிவப்பு.

இலக்கம் வேணுமெண்டால் எலும்பின்ர நடுப்பகுதி மச்சையை நிறுத்து, 60 பாகை சூட்டில நிறை மாறாமல் நிக்கும்வரை காயவிடுங்கோ. காஞ்ச நிறையை ஈர நிறையால பிரிச்சு 100ஆல பெருக்கினால் கிட்டத்தட்டக் கொழுப்பு வீதம். கனபேர் பிழைக்கிற இடம் இதுதான்: ரெண்டு நாள் வெயிலில கிடந்த எலும்பில தண்ணி ஏற்கெனவே போயிட்டுது, பட்டினி நரியும் கொழுத்ததாய்க் கணக்கு வரும். எடுத்த உடன பொலித்தீனில இறுக்கிக் கட்டி உறைய வையுங்கோ.

பனங்காட்டான்:
உயிரோட மயக்கிப் பிடிச்சதுக்கு வைத்தியர் பார நீர் (பாரமான ஐதரசன் உள்ள தண்ணி) ஏத்தி, குருதியில அது எவ்வளவு ஐதாகுது எண்டு பாத்து, உடம்பில மொத்தம் எவ்வளவு தண்ணி எண்டு கணக்கிடுறது. கொழுப்பில்லாத உடம்பில ஏறத்தாழ 73 வீதம் தண்ணி. 8 கிலோ நரியில தண்ணி 5.1 கிலோ எண்டால், கொழுப்பில்லாத உடம்பு 7 கிலோ, கொழுப்பு 1 கிலோ. ஏத்தேக்கை பார நீர் கொஞ்சம் வெளியில சிந்தினாலும் தண்ணி கூடவாக் காட்டும், கொழுப்பு குறையும்.