சிவப்புப் புள்ளியும் ரோஸ் புள்ளியும்

பழைய கம்ப்யூட்டர் நினைவுகள் என்று கமடோர் 64 பற்றி எழுதிவிட்டீர்கள். பள்ளியில் பார்த்த பிபிசி மைக்ரோ பற்றியும் எழுதிவிட்டீர்கள். ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் இன்னும் யாரும் வரவில்லை. என் மனதில் இன்றும் முதல் இடம் அதற்குத்தான், அதனால் நான் சொல்கிறேன்.

1985 கோடை விடுமுறை, மேற்கு மாம்பலம். நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். இங்கிலாந்தில் லெஸ்டரில் மூன்று வருடம் வேலை பார்த்த மாமா ஊர் திரும்பினார். அவருடைய பெட்டியிலிருந்து எனக்கு வந்தது ஒரு சின்னக் கறுப்புப் பொருள். நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. சாம்பல் நிறத்தில் 40 ரப்பர் கீகள், வலது ஓரத்தில் சாய்வாக நான்கு வண்ணப் பட்டைகள். சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், 48கே, அதாவது 48 கிலோபைட் நினைவகம். கூடவே கேம்கள் பதிந்த ஆறு கேசட்டுகள், மூலை மடங்கிப்போன சில சின்க்ளேர் யூசர் இதழ்கள். 1982 ஏப்ரலில் பிரிட்டனில் வெளிவந்தபோது அதன் விலை 175 பவுண்டு. மாமா ஒரு நண்பரிடம் பழையதாக வாங்கியிருந்தார்.

ஆனால் முதல் ஒரு மாதம் அது பீரோவில்தான் கிடந்தது. பவர் சப்ளையின் பிளக் சதுரப் பின் வைத்த இங்கிலாந்து பிளக். அதை வெட்டி நம் ஊர் உருண்டைப் பின் பிளக்கை மாட்டியாயிற்று. அதற்குத் தனித் திரை கிடையாது, டிவியில்தான் மாட்ட வேண்டும். அந்த டிவிதான் பெரிய சிக்கல். ஸ்பெக்ட்ரம் தன் படத்தை யு.எச்.எஃப். என்ற உயர் அலைவரிசையில், சேனல் 36-ல் அனுப்பும். எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் யு.எச்.எஃப். என்ற ஒன்றே கிடையாது. தூர்தர்ஷனுக்கு அது தேவையும் இல்லை. எதிர் வீட்டு மாமியின் கணவர் குவைத்தில் இருந்தார். அவர் கொண்டுவந்த கலர் டிவியில் மட்டும் அந்தச் சேனல் இருந்தது. அம்மா போய்க் கேட்டாள். மாமி ஒப்புக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு: “ஞாயித்துக்கிழமை மத்தியானம் வா. அஞ்சு மணிக்குள்ள முடிச்சுக்கோப்பா, அப்புறம் படம் போட்டுடுவான்.”

அந்த முதல் ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. டிவியின் குமிழை மெதுவாகத் திருகிக்கொண்டே போனோம். புள்ளிமழை விலகி வெள்ளைத் திரை வந்தது. அதன் அடியில் கறுப்பு எழுத்தில் சின்க்ளேர் ரிசர்ச் என்ற பெயரும் 1982 என்ற வருடமும். கேம் ஏற்ற, ‘ஜே’ கீயை ஒருமுறை அழுத்தினால் ‘லோட்’ என்ற சொல் முழுதாக வந்து விழும். பிறகு சிம்பல் ஷிஃப்டோடு ‘பி’ கீயை இரண்டு முறை, இரண்டு மேற்கோள் குறிகளுக்காக. என்டர். டேப் ரெக்கார்டரில் ப்ளே.

முதலில் திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் அகலமான பட்டைகளாக ஊர்ந்து போகும். ஸ்பெக்ட்ரத்தின் உள்ளிருந்து மெல்லிய நீண்ட விசில் கேட்கும். கேமின் பெயர் திரையில் வரும். அதன்பின் நீலமும் மஞ்சளும் பொடிப்பொடிக் கோடுகளாகத் துடிக்கும், சத்தமும் கரகரப்பாகும். நடுவில் படம் வரும். மேலிருந்து கீழாக ஒழுங்காக வராது. திரையை மூன்றாகப் பிரித்து, எட்டுக் கோட்டுக்கு ஒரு கோடாக இடைவெளி விட்டு வரைந்து, திரும்பி வந்து இடைவெளிகளை நிரப்பும். அதுவரை கறுப்பு வெள்ளைதான். கடைசிச் சில நொடிகளில் மேலிருந்து கீழே வண்ணம் ஊற்றினாற்போல் இறங்கும். மாமி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த நொடியில் கை தட்டினார்கள். கேம் இன்னும் தொடங்கவே இல்லை!

அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பு எனக்கு ஒருபோதும் தொல்லையாக இருந்ததில்லை. அந்த மெஷின் எதையும் மறைக்கவில்லை என்பதுதான் காரணம். கேம் துண்டு துண்டாக உள்ளே போவது காதுக்குக் கேட்டது, கண்ணுக்குத் தெரிந்தது.

எங்கள் கேம் மேனிக் மைனர். மேத்யூ ஸ்மித் என்ற இளைஞர் 17 வயதில் எழுதி, 1983-ல் வெளியானது. சுரங்கத் தொழிலாளி வில்லி 20 அறைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு அறையிலும் மின்னும் சாவிகளைப் பொறுக்க வேண்டும், காற்று தீர்வதற்குள் கதவை அடைய வேண்டும். கால் வைத்தால் நொறுங்கும் தரை, எதிர்ப்பக்கம் இழுக்கும் பெல்ட், நச்சுச் செடிகள். இரண்டாவது அறையில் பென்குயின்கள், இன்னும் தள்ளிப் போனால் குறுக்கே வரும் டெலிபோன்கள்! பின்னணியில் நார்வே இசையமைப்பாளர் கிரீகின் ஒரு மெட்டு, நிற்காமல் சுற்றிச் சுற்றி வரும். தனி ஒலிச் சிப் இல்லாத மெஷினில், வில்லியை நகர்த்தும் அதே பிராசசர் இடையிடையே ஸ்பீக்கரையும் தட்டி அந்த இசையை எழுப்பியது. அது எவ்வளவு பெரிய வேலை என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

மாமியின் சின்னப் பெண்தான் கேட்டாள், “ஏன் அண்ணா, ஆள் போற இடத்துல எல்லாம் கலர் மாறுது?” எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே வண்ணம்தான் இருக்க முடியும் என்று மாமா எங்களுக்கு விளக்கினார். படத்தின் புள்ளிகளுக்கு 6144 பைட், வண்ணங்களுக்கு வெறும் 768 பைட். நினைவகத்தை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு. ஸ்பெக்ட்ரம் கேம் ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிடலாம் என்றால் அதற்கு இந்த வண்ணக் கலப்புதான் காரணம். எனக்கு அது குறையாகத் தெரியவே இல்லை.

என்னை முழுசாகக் கட்டிப்போட்டது வேறு ஒரு கேசட். மெஷினோடு இலவசமாக வந்த ஹொரைசன்ஸ். அதில் பந்தால் சுவரை உடைக்கும் கேம் ஒன்று உண்டு. ஆடும்போது தற்செயலாக பிரேக் அழுத்திவிட்டேன். கேம் நின்றது. மாமா, “லிஸ்ட் போடு” என்றார். போட்டதும் அந்த கேம் முழுவதும் பேசிக் என்ற புரோகிராம் மொழியில், வரிசை எண் போட்ட வரிகளாகத் திரையில் ஓடியது. இவ்வளவு நேரம் ஆடியது இந்த வரிகளையா? ஒரு எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினேன். கேம் மாறியது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அப்புறம் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். வாரம் முழுவதும் வீட்டில் காகிதத்தில் புரோகிராம், ஞாயிறு மதியம் மாமி வீட்டில் டைப். ஒருமுறை இதழில் வந்த நீண்ட புரோகிராம் ஒன்றை இரண்டு மணி நேரம் அடித்து முடிக்கும் தறுவாயில் கரண்ட் போய்விட்டது. அத்தனையும் போயிற்று. அதற்குப் பிறகு இருபது வரிக்கு ஒருமுறை டேப்பில் சேமிக்கும் பழக்கம் வந்தது.

போக் என்பது நினைவகத்தின் ஓர் இடத்தில் நேராக ஒரு எண்ணை எழுதும் கட்டளை. மேனிக் மைனரில் உயிர் குறையாமல் இருக்க ஒரு போக் எண் உண்டு: 35136, 0. முதலில் கேமை லோட் செய்யாமல் மெர்ஜ் செய்ய வேண்டும், அப்போதுதான் தானாக ஓடாது. பிறகு கடைசிக் கட்டளைக்கு முன் இந்த போக்கைச் சொருக வேண்டும். உயிரைக் குறைக்கும் கட்டளை இருந்த இடத்தில் பூஜ்யம் போய் உட்காரும். ஸ்பெக்ட்ரத்தின் இசட்80 பிராசசருக்குப் பூஜ்யம் என்றால் ‘எதுவும் செய்யாதே’. மாமா இதைச் சொன்னபோது ஒரு கேமை வென்றதைவிட எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

டேப் ரெக்கார்டர் அம்மாவுடையது. அங்கேதான் தகராறு வந்தது. வேறு மெஷினில் பதிந்த கேசட் என்றால், டேப்பைப் படிக்கும் ஹெட்டின் கோணம் ஒத்துப்போகாது. டேப் லோடிங் எரர் என்று வந்து நின்றுவிடும். ஹெட் பக்கத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவை, வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் கேட்டபடியே, சத்தம் மிகக் கூர்மையாகும் வரை திருப்ப வேண்டும். கேம் ஏறியது. ஆனால் மறுநாள் காலை அம்மாவின் பக்திப் பாடல் கேசட் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்டது. திட்டு விழுந்தது. அக்காதான் வழி சொன்னாள். தன் நெயில் பாலிஷை எடுத்து ஸ்க்ரூவின் ஓரத்தில் இரண்டு புள்ளி வைத்தாள். சிவப்பு கேமுக்கு, ரோஸ் அம்மாவுக்கு.

போன வருடம் அந்த வீட்டைக் காலி செய்தோம். ஸ்பெக்ட்ரம் எப்போதோ கீபோர்டு உள்தகடு விரிசல் விட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டது. பரணில் டேப் ரெக்கார்டரும் மேனிக் மைனர் கேசட்டும் இருந்தன. பெல்ட் கூழாகிப் போயிருந்தது. ரிச்சி தெருவில் புதிதாக வாங்கி மாட்டினேன். லேப்டாப்பில் சத்தத்தைப் பதிந்து, ஸ்பெக்ட்ரம் போலவே இயங்கும் எமுலேட்டர் புரோகிராமுக்குக் கொடுத்தேன். சிவப்பும் வெளிர்நீலமும் வந்தன, பாதியில் அதே பழைய எரர். மூடியைத் திறந்து பார்த்தேன். நாற்பது வருடத் தூசிக்கு அடியில் இரண்டு புள்ளிகளும் இருந்தன. ஸ்க்ரூ ரோஸில் நின்றது. சிவப்புக்குத் திருப்பிவிட்டு மறுபடி பதிந்தேன். கோடுகள் நிதானமாக ஓடின, கேம் முழுதாக ஏறியது, கிரீகின் மெட்டு சமையலறை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

அங்கிருந்து அம்மாவின் குரல் வந்தது: “முடிச்சதும் ரோஸுக்குத் திருப்பி வச்சுடுடா.”