கமாவைப் புள்ளியாக மாற்றினால் போதுமா?

தெற்குவாசல்:
'வலைப்பக்க ஃபார்மில் வரும் கமாவை சர்வரில் புள்ளியாக மாற்றிவிடுங்கள், ஒரே வரி, தசமத் தொல்லை தீர்ந்தது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்குப் பாராட்டு வேறு. தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் கணக்குப்பிள்ளை செய்கூலியை 1,250 என்றுதான் அடிப்பார். அந்த ஒரு வரி அதை 1.250 ஆக்கிவிடும், அதாவது ஒன்றேகால் ரூபாய். மீதியை யார் கட்டுவது?

இலந்தைக்குளம்:
எழுதியவன் நான்தான். எங்கள் வாடிக்கையாளர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள், அங்கே 12,5 என்றால் பன்னிரண்டரை. நகைக்கடையைப் பற்றி நான் பேசவே இல்லை. ஃபார்ம் கட்டத்துக்கு டைப் நம்பர், அதாவது எண் மட்டும் ஏற்கும் வகை, போட்டால் திரையில் எப்படித் தெரிந்தாலும் பிரவுசர் சர்வருக்குப் புள்ளி வைத்துத்தான் அனுப்பும். அடிப்படையைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள் அண்ணே.

தெற்குவாசல்:
புள்ளி வைத்துத்தான் வரும் என்றால் கமாவை மாற்றும் வரி எதற்குத் தம்பி? சரி, ஜெர்மனிக்கே வருகிறேன். அவர்கள் 1.250,50 என்று எழுதுவார்கள், அதை உங்கள் வரி 1.250.50 ஆக்கும், அது எந்த ஊரிலும் எண் இல்லை. நான் கேட்டது 1,250. அதற்குப் பதில் எங்கே?

மேலூர்:
இருவரும் ஸ்டெப்பை மறந்துவிட்டீர்கள். டைப் நம்பரில் ஸ்டெப், அதாவது எண் எவ்வளவு இடைவெளியில் ஏறலாம் என்பதை, எழுதாவிட்டால் அது 1 என்று எடுத்துக்கொள்ளும், 3.475 கிராம் அடித்தால் 3 அல்லது 4 போடு என்று பிரவுசர் மறிக்கும். 0.001 அல்லது எனி (எதுவானாலும் சரி) என்று கொடுக்க வேண்டும்.

இலந்தைக்குளம்:
ஸ்டெப் சின்ன விஷயம். சர்வர் நிரல் எழுதும் டாட்நெட்டில் கல்ச்சர், அதாவது எந்த நாட்டு எண்முறை என்ற அமைப்பு, ஜெர்மன் என்று இருந்தால், அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கத்தான் என்பதால், புள்ளியோடு வரும் 12.5ஐ 125 என்று படித்துவிடும், பிழைச் செய்தி கூட வராது. அதில் அடிபட்டவர்களுக்குத்தான் என் வரியின் அருமை தெரியும். உள்ளூர்க் கடைக்கு பில் போடுகிறவர்களுக்குத் தெரியாது.

தெற்குவாசல்:
உள்ளூர்க் கடை என்றால் இளப்பமா? இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் உட்கார்ந்தால் 1,250 ஒன்றேகால் ஆவது நியாயமாகிவிடுமா? தவிர, கல்ச்சர் ஜெர்மனில் இருக்கும்போது புள்ளியாக மாற்றினால் நீங்கள் சொன்ன அதே 125 பள்ளத்தில் 12,5ம் விழும், உங்கள் வரியே தள்ளிவிடுகிறது. எங்கள் ஃபார்மில் எதையும் ஏற்கும் சாதாரண டெக்ஸ்ட் இன்புட் கட்டம், மொபைலில் எண் பலகை வர இன்புட்மோட் டெசிமல். கமா இருக்கிற இடம் நம் எண்முறைக்குப் பொருந்தினால் கமாவை நீக்கிவிடுவோம், பொருந்தாவிட்டால் அடித்தவரிடமே திருப்பிக் கேட்போம். நாமாக ஊகிப்பதே இல்லை. 1,250க்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

ஒத்தக்கடை:
அப்புறம் அந்தத் தொகையை டேட்டாபேஸில் எதில் வைக்கிறீர்கள்? 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004 என்கிறது. தசமத்தை அப்படியே வைக்கும் டெசிமல் வகை வேண்டும் என்று முந்தைய வரிக்கணக்கு விவாதத்திலேயே சொன்னேன், தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வகை போதும் என்று என்னை வாயடைத்தது இதே தெற்குவாசல்தான்.

தெற்குவாசல்:
அது எடைக்குச் சொன்னது, பணத்துக்கு அல்ல. பேச்சைத் திருப்பாதீர்கள்.

ஒத்தக்கடை:
தங்கத்துக்கு எடைதான் பணம்.

இலந்தைக்குளம்:
இவருக்கு எல்லோரும் தப்பு. என் வரி ஓடுகிறது, ஜெர்மனியிலிருந்து இதுவரை புகார் இல்லை.

தெற்குவாசல்:
அவர்கள் யாரும் ஆயிரத்துக்கு மேல் அடிக்கவில்லை போலிருக்கிறது.

மேலூர்:
ஸ்டெப் பற்றி ஒருவர் கூட வாய் திறக்கவில்லை பாருங்கள்.