ஆமை நடையில் பார்த்தது, மனசை விட்டுப் போகாதது

கரையோரம்:
2025 ஜனவரி, நீலாங்கரைப் பக்கம் ஆமை நடை போனேன், ராத்திரி கரையோரமா நடந்து ஆமையையும் முட்டையையும் தேடுற தன்னார்வ வேலை. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி ஒரு பங்குனி ஆமை. வலையில மூச்சு முட்டினதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடும். நாய் கிழிச்ச வயித்துலேருந்து முட்டைங்க மணல்ல சிதறிக் கிடந்துச்சு, ஒண்ணுகூட உடையாம. அந்த மாசம் சென்னைக் கரையில ஆயிரத்துக்கு மேல ஒதுங்குச்சு. மீன் பிடிக்கிறவங்களுக்கு மனசே கிடையாதா?

காசிமேட்டான்:
எல்லாரையும் ஒரே தராசுல வைக்காதீங்கண்ணே. ஃபைபர் போட்டுங்கிற சின்னப் படகு வேற, விசைப்படகு இழுத்துட்டுப் போற பெரிய வலையான இழுவைமடி வேற. விசைப்படகு 5 கடல் மைலுக்கு வெளியேதான் மடி இழுக்கணும்னு சட்டம். ஆமை சேர்றது அதுக்கு உள்ளே. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரை, ஆமை கரையேறுறதோ ஜனவரி முதல் மார்ச் வரை, அதனால அந்தத் தடை ஆமைக்கு உதவாது. மடி மணிக்கணக்கா தண்ணிக்குள்ள ஓடும். மாட்டின ஆமை பதறிப் பதறி சீக்கிரமே மூச்சு தீர்ந்துடும்.

பொரிப்பகம்:
யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன். நடைக்கு வந்து, செத்த ஆமையைப் பார்த்து அழுதுட்டு மறுநாள் வராதவங்களைப் பத்திக் கவலையில்லை. பத்து ஆமைக்கு அப்புறம் ஒண்ணுமே தோணாமப் போறவங்களைத்தான் பார்த்துக்கணும், அளவைத் தப்பா எழுதிடுவாங்க. அதனால இருவர் இருவரா அனுப்புங்க. அளக்குறப்போ ஆமை ஓட்டோட வளைவு மேல டேப் வைக்கணும். வால் வெளியே நீண்டிருந்தா ஆண். துடுப்புல வலைத் தழும்பு பாருங்க. எண்ணினதுக்கு அடையாளமா ஓட்டுல பெயிண்ட் அடிக்க மறந்துட்டா, அலை வேற எடத்துல கொண்டுபோய்ப் போடும், அதையே திரும்ப எண்ணிடுவாங்க. நாய் தோண்டாத ஆழத்துல, அலை ஏறாத எடத்துல புதைக்கணும்.

மனசு மரத்துப்போனவங்களை முட்டை வேலைக்கு மாத்துங்க, அதாவது ஆமை இட்ட முட்டையை எடுத்துப் பொரிப்பகத்துக் குழியில புதைக்கிறது. ஒன்றரை அடி ஆழக் குழி, குடம் மாதிரி அடி அகலமா. ஒரு ஆமை இட்டதுல நூறு முட்டைக்கு மேல இருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள்ள மாத்திடணும். கரு முட்டை ஓட்டுல ஒட்டினப்புறம் புரட்டினா செத்துடும். பொரிக்க 45லேருந்து 55 நாள் ஆகும். வெயில் ஏறினா நிழல்வலை கட்டுங்க. சூடு கூடினா எல்லாமே பெட்டையாப் பொரிக்கும், இன்னும் கூடினா முட்டை வெந்துடும்.

உப்புக்காத்து:
பொரிப்பகம் சொன்ன வேலைமுறை சரி. ஆனா குஞ்சு விடுறதை ஆறுதலாக் காட்டிப் புதுசா வர்றவங்களை ஏமாத்தக் கூடாது. ஆயிரத்துல ஒண்ணு தேறினாலே பெருசு. செத்தது முட்டையிடுற வயசுப் பெட்டை, அதுக்கு ஈடே கிடையாது. அழுகை அடங்கினதும் படகு முதலாளிங்ககிட்டப் போய் உட்காருங்க. மடியில ஆமை விலக்கி மாட்டணும்: நாலு அங்குல இடைவெளியில கம்பி, சாய்வா, ஆமை வெளியேற ஒரு வாசல். பெரிய மீன் தப்பிடும்னு அவங்க பயப்படுறது நியாயம்தான், அந்த நஷ்டத்துக்கு என்ன வழின்னு முதல்ல பேசுங்க.