கூத்து வகுப்புக்கு நிதி எங்க கேக்கலாம்? பதிவு பண்ணாத ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு) கிடைக்குமா?

செய்யாத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். செய்யாறு பக்கம் ஒரு கிராமம் எங்களது, ஊர்ல கூத்து ஜமா இருக்கு. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை காலைல திரௌபதி அம்மன் கோயில் மண்டபத்துல பசங்களுக்கு அடவும் பாட்டும் சொல்லித் தர்றோம், இப்ப 14 பேர் வர்றாங்க, அதுல 5 பொண்ணுங்க. வாத்தியாருக்கு 68 வயசு, ஒத்த ரூபா வாங்கினதில்ல. பெரியவங்க கிரீடத்தையேதான் பசங்களுக்கும் வைக்கிறோம், துண்ட மூணு சுத்து சுத்தினாத்தான் தலையில நிக்குது, ஒரு கிறுகி போட்டா (சுழன்று ஆடினா) சரிஞ்சு கண்ணை மறைச்சிடும். ஆர்மோனியம் துருத்தி கிழிஞ்சு டேப் ஒட்டி ஓடுது. வர்ற வைகாசிக்கு பசங்களே விடிய விடிய கர்ண மோட்சம் ஆடணும்னு எங்களுக்கு ஆசை. கிராண்ட்னு சொல்றாங்களே, அத எங்க கேக்கறது? போன வருஷம் ஒரு இடத்துல கேட்டோம், பதினஞ்சு நிமிஷமா சுருக்கி விழிப்புணர்வு கூத்தா போட்டா தர்றோம்னாங்க, வாத்தியார் ஒத்துக்கல.

மண்டபத்தூண்:
வாத்தியார் பண்ணதுதான் சரி தம்பி. பதிவு இல்லேன்னாலும் வழி இருக்கு. தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையத்துல குரு சிஷ்ய பரம்பரைன்னு ஒரு திட்டம், குருவுக்கு மாசம் 7,500, பக்கவாத்தியக்காரருக்கு 3,750, மாணவனுக்கு 1,500. உங்க வாத்தியாருக்குன்னே போட்ட மாதிரி இருக்கு, முதல்ல அதைக் கேளுங்க, இந்த வருஷ அறிவிப்பு எப்பன்னு நேர்ல போய் விசாரிங்க. துருத்திக்கும் உடுப்புக்கும் சென்னை இயல் இசை நாடக மன்றம், இசைக்கருவி, ஆடை ஆபரணம் வாங்க கலைஞருக்கு 10,000 தர்ற திட்டம் அவங்ககிட்ட இருக்கு. வாத்தியார் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்துல சேந்திருக்காரான்னு பாருங்க, இல்லேன்னா அவர் வயசுக்கு இன்னும் சேர முடியுமான்னு கேளுங்க, எங்க போனாலும் அந்த அட்டையத்தான் முதல்ல கேப்பாங்க.

பெங்களூர்ல இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ்னு ஒரு அமைப்பு, தனி ஆளுக்கும் நிதி தர்றாங்க, தமிழ்லயே எழுதி அனுப்பலாம். ஆனா வகுப்பு நடத்த காசு வேணும்னு மட்டும் எழுதினா நிக்காது, புதுசா என்ன தேடுறீங்கன்னு பாப்பாங்க. ஆம்பளைங்களே பொம்பள வேஷம் கட்டுற கலையில அஞ்சு பொண்ணுங்க வந்து நிக்கிறாங்க, குரல் சுருதி மாறும், உடுப்பு மாறும், அதையே எழுதலாமே?

பறைச்சத்தம்:
நான் மதுரைல தெருப்பசங்கள வச்சு பறை வகுப்பு நடத்தினேன், அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். பட்ஜெட்ல பேனர், மைக் செட், சாப்பாடு, வேன் வாடகை எல்லாம் போட்டு ஆட்டக்காரங்க சம்பளத்த மட்டும் விட்டுட்டேன், நம்ம ஆளுங்கதானே கேக்க மாட்டாங்கன்னு. கடைசி நாள் மைக்காரர், வேன்காரர் எல்லாருக்கும் காசு கொடுத்தாச்சு, ஆறு மாசம் சொல்லிக் கொடுத்த அண்ணன் பஸ்ஸுக்கு என்கிட்ட இருபது ரூபா கேட்டாரு, அத என்னால இன்னைக்கும் மறக்க முடியல. அதனால முதல் வரியே வாத்தியார் சம்பளம்னு போடுங்க, அப்புறம் மிருதங்கம், முகவீணைக்காரர், அதுக்குக் கீழதான் மத்ததெல்லாம். இன்னொண்ணு, பணம் மொத்தமா வராது, தவணையாத்தான் வரும், முதல் தவணைக்குக் கணக்கும் ரசீதும் கொடுத்தாத்தான் அடுத்தது. இப்பலேருந்தே ஒரு நோட்டு போட்டு எந்த ஞாயிறு யார் வந்தா, என்ன சொல்லிக் கொடுத்தீங்க, டீ செலவு எவ்வளவுன்னு எழுதுங்க. ரெண்டு வருஷம் சொந்தக் காசுல நடத்திருக்கீங்க, அதுதான் உங்க பெரிய சான்று.

பத்திரம்68:
பதிவையும் தள்ளிப் போடாதீங்க. 1975 சங்கச் சட்டத்துல 7 பேர் இருந்தா சங்கம் பதியலாம். அப்புறம் பான், வங்கிக் கணக்கு, தொண்டு அமைப்புகளுக்கான அரசு தளத்துல என்ஜிஓ தர்பன் எண், வருமான வரிச் சலுகைக்கான பதிவுகள் (12ஏ, 80ஜின்னு சொல்வாங்க). கம்பெனிங்க சமூகப் பணிக்கு (சிஎஸ்ஆர்) எதுக்கெல்லாம் செலவு பண்ணலாம்னு சொல்ற கம்பெனிச் சட்டம் 2013 ஏழாவது அட்டவணைல பாரம்பரியக் கலையும் இருக்கு, ஆனா அரசுகிட்ட சிஎஸ்ஆர்-1ங்கிற பதிவு இல்லாத சங்கத்துக்கு கம்பெனிக்காரங்க அந்தப் பணத்தத் தர முடியாது. வெளிநாட்டு அமைப்பு ஏதாவது தர்றேன்னா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பணம் வாங்க அரசு அனுமதி) இல்லாம ஒரு பைசா வாங்கிடாதீங்க, வழக்காயிடும்.

செய்யாத்துக்காரன்:
ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி நோட்டு போட்டாச்சு. வாத்தியார் சம்பளம்னு எழுதறப்ப அவரே பேனாவப் பிடிச்சு வேணாம்னாரு, நாங்க விடல. சின்ன அளவு கிரீடம் கல்யாண முருங்கை மரத்துல செஞ்சு தர ஒரு ஆசாரி ஒத்துக்கிட்டாரு, விலைய எழுதி வாங்கணும். அடுத்த வாரம் தஞ்சாவூர் போறோம், வாத்தியாரையும் கூட்டிட்டுப் போலாமா, இல்ல பேப்பர் மட்டும் போதுமா அண்ணா?

மண்டபத்தூண்:
கூட்டிட்டுப் போங்க தம்பி. ரெண்டு விருத்தம் பாடச் சொல்லுங்க.