போருக்குப் பிந்தைய பொதுநிதி: 'கடனேற்பு' என்ற சொல் போதுமா?

வணக்கம்.

போர் முடிந்தபின் ஒரு நாட்டின் வரியதிகாரமும் கடன்சுமையும் மைய அரசின் கைக்குச் செல்வதை 'நிதி மையப்படுத்தல்' என்று சொல்லலாம் என்றும், அதன் ஒரு கூறாக, மாநிலங்களின் கடனை மைய அரசு தன் கடனாக்கிக்கொள்வதைக் 'கடனேற்பு' என்று சொல்லலாம் என்றும் நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டிருக்கிறது. இரண்டும் எளிய சொற்கள்தாம். ஆயினும் இரண்டிலும் எனக்குத் தடை உண்டு.

முதலில் 'கடனேற்பு'. தமிழில் 'ஏற்றல்' என்பதற்குப் பிறர் தருவதை வாங்கிக்கொள்ளுதல் என்பதே பழைய பொருள். ஆகவே 'அரசு கடனேற்றது' என்று படிப்பவர், அரசு யாரிடமோ கடன் வாங்கியது என்றே கொள்வார். நாம் குறிக்க விரும்புவதோ வேறு. கடன் முன்பே வாங்கப்பட்டது, வாங்கியவர் மற்றொருவர், கடன்கொடுத்தவர் அப்படியே இருக்கிறார், திருப்பிக் கொடுக்க வேண்டியவர் மட்டும் மாறுகிறார். இந்த மாற்றத்தைச் சொல்லாத சொல் நமக்கு உதவாது.

இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு அமெரிக்காவில் 1790 இல் நடந்தது. விடுதலைப் போரின்போதும் அதன்பின்னரும் அங்கிருந்த நாட்டுப்பேரவைக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. அது மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. போர்ச்செலவில் ஒரு பகுதியைப் பேரவை கடனாகவும் தாள் நாணயமாகவும் சமாளித்தது. மற்றொரு பகுதியை மாநிலங்கள் தத்தம் பெயரில் கடன் வாங்கித் தாங்கின. அக்கடனைத் தீர்க்க மாசசூசெட்ஸ் விதித்த கடும் வரி, 1786-87 இல் உழவர்கள் ஆயுதம் ஏந்திய ஷேஸ் கிளர்ச்சிக்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று. புதிய அரசமைப்பின்படி 1789 இல் இறக்குமதித் தீர்வை முழுவதும் கூட்டாட்சி அரசின் கைக்குப் போனது. அதாவது வருவாய் முதலில் இடம்மாறிவிட்டது. கடன் மட்டும் மாநிலங்களிடமே தங்கியிருந்தது. கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1790 ஜனவரியில் அளித்த அறிக்கை, ஏறத்தாழ 5 கோடியே 40 லட்சம் டாலர் கூட்டாட்சிக் கடனோடு, சுமார் 2 கோடியே 50 லட்சம் டாலர் என்று அவர் மதிப்பிட்ட மாநிலக் கடன்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது, இந்தப் பொருத்தமின்மையைத் தீர்ப்பதற்காகத்தான்.

இந்த வரிசைமுறையைக் கருதும்போது 'நிதி மையப்படுத்தல்' எவ்வளவு மங்கலான சொல் என்பது புலப்படும். வரியதிகாரம் மாறுவது ஒன்று, கடன்பொறுப்பு மாறுவது மற்றொன்று. இரண்டும் ஒருசேர நடக்க வேண்டியதில்லை, விளைவுகளும் வேறு வேறு. மேலும் இன்றைய எழுத்துவழக்கில் 'பெண்களை மையப்படுத்திய கதை' என்றால் அவர்களைப் பற்றிய கதை என்றே பொருள். அந்த வழக்கு வேரூன்றிவிட்டதால், 'நிதி மையப்படுத்தல்' என்பதை நிதியையே முதன்மையாகக் கருதும் போக்கு என்று புரிந்துகொள்வோர் இருப்பர். 'நடுவண் அரசு' என்ற வழக்கு நம்மிடம் இருக்கும்போது 'நடுவணாக்கம்' என்பதே தெளிவானது.

அதற்கு முன்னால் வர வேண்டிய அடைமொழி எது? 'நிதி' என்ற ஒரே சொல்லை அரசின் வரவுசெலவுக்கும், நிறுவனங்களின் பணமுதலுக்கும், ஒரு நோக்கத்துக்காக ஒதுக்கிவைத்த தொகைக்கும் பயன்படுத்திக் களைத்துப்போயிருக்கிறோம். இலங்கைத் தமிழில் அரசின் வரவுசெலவுக் கொள்கை 'இறைக் கொள்கை' எனப்படுகிறது. இறை என்றால் அரசுக்குச் செலுத்தும் வரி என்பது பழந்தமிழ்ப் பொருள். கல்வெட்டுகளில் வரிநீக்கப்பட்ட நிலம் 'இறையிலி'. கடவுளைக் குறிக்கும் பொருளோடு மயங்கும் என்பார்கள். 'இறை நடுவணாக்கம்' என்ற தொடரில் அம்மயக்கத்துக்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முழு நிகழ்வுக்கும் இதையே முன்மொழிகிறேன்.

கடன் மாறும் செயலுக்கு என் பரிந்துரை 'கடன்பொறுப்பேற்பு'. நீளம்தான், ஆனால் 'பொறுப்பேற்றல்' என்பதில் முன்பு மற்றொருவரிடம் இருந்தது தன்னிடம் வருகிறது என்ற குறிப்பு இயல்பாகவே உண்டு. 'கடன்மீட்பு' என்ற மாற்றும் இங்கே வந்தது. அது ஒரு தீர்ப்பை உள்ளடக்கிய சொல். தவறு செய்தவரைக் காப்பாற்றியதாக ஒலிக்கிறது. மாநிலங்கள் கடன்பட்டது பொதுப் போருக்காக என்பதுதான் ஹாமில்டனின் வாதம். தன் கடனில் பெரும்பகுதியை முன்பே அடைத்திருந்த வர்ஜீனியாவோ, பிறர் கடனுக்குத் தன் மக்கள் ஏன் வரி கொடுக்க வேண்டும் என்று எதிர்த்தது. தலைநகரை வர்ஜீனியாவை ஒட்டிய போட்டோமாக் ஆற்றங்கரையில் அமைக்கும் இணக்கத்தோடுதான் 1790 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. பொறுப்பேற்கும் தொகைக்கு உச்சவரம்பு 2 கோடியே 15 லட்சம் டாலர். அதில் மாசசூசெட்ஸுக்கும் தென் கரோலினாவுக்கும் தலா 40 லட்சம், வர்ஜீனியாவுக்கு 35 லட்சம். இரு தரப்பு வாதங்களையும் ஒரே சொல்லால் எழுத முடிய வேண்டும். ஆகவே அந்தச் சொல் நடுநிலையானதாக இருப்பது கட்டாயம்.

விளைவுகளை எழுதும்போது மூன்றாவது சொல் ஒன்றும் தேவைப்படும். இதுவரை யாரும் அதைத் தொடவில்லை. ஹாமில்டன் கடனைச் சேர்த்துக்கொண்டதோடு நிற்கவில்லை. வட்டிக்கென்று நிலையான வருவாயைச் சட்டத்தால் கட்டிவைத்தார். முகமதிப்பில் கால்பங்குக்கும் குறைவாக விற்றுக்கொண்டிருந்த பழைய போர்க்கடன் சான்றிதழ்களுக்கு ஈடாக வந்த 6 விழுக்காட்டுப் பத்திரங்கள் 1791 இல் முகமதிப்பை எட்டியதற்குக் காரணம், கடன் மையத்துக்கு மாறியதைவிட இந்தப் பிணைப்புத்தான் என்பது என் கருத்து. அதன் பயனாக, அதே ஆண்டு தொடங்கப்பட்ட முதல் தேசிய வங்கியின் பங்குகளுக்குத் தனியார் தர வேண்டிய தொகையில் முக்கால் பங்கை இப்பத்திரங்களாகவே செலுத்த முடிந்தது. அதாவது கடன் மூலதனமாக மாறியது. 1803 இல் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை வாங்கியபோது 1 கோடியே 12 லட்சத்து 50 ஆயிரம் டாலரை 6 விழுக்காட்டுப் பத்திரங்களாகவே கொடுக்க முடிந்தது. மாநிலங்களில் நேரடி வரிச்சுமை இறங்கியது. மறுபுறம், சம்பளத்துக்கு ஈடாகப் பெற்ற சான்றிதழ்களை முன்பே மலிவாக விற்றுவிட்ட போர்வீரர்களுக்கு இந்த ஏற்றத்தில் பங்கில்லை; வட்டிக்காக 1791 இல் விதித்த சாராய வரி 1794 இல் மேற்குப் பென்சில்வேனியாவில் கலகத்தை எழுப்பியது.

இப்படி வருவாயோடு கட்டப்பட்ட கடனுக்கு 'வருவாய்ப்பிணைக் கடன்' என்று வைக்கலாம். ஆங்கிலத்தின் 'funded debt' என்பதை 'நிதியளிக்கப்பட்ட கடன்' என்று சிலர் எழுதுவதில் பொருளே இல்லை.

மூன்று சொற்களையும் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சோதித்தேன்: "1840களின் தொடக்கத்தில் எட்டு மாநிலங்கள் கடன் தவறியபோது, இறை நடுவணாக்கம் ஏற்கெனவே நிகழ்ந்திருந்தும், கூட்டாட்சி அரசு கடன்பொறுப்பேற்புக்கு மறுத்துவிட்டது, வருவாய்ப்பிணைக் கடனாக இருந்தது அதன் சொந்தக் கடன் மட்டுமே." பழைய இரு சொற்களைக் கொண்டு இதை எழுதினால் முன்பாதியும் பின்பாதியும் முரண்படுகின்றன. 'கடன்பொறுப்பேற்பு' நீளமென்று கருதுபவர்கள், இதே வாக்கியத்தில் தங்கள் சொல்லையும் வைத்து எழுதிக் காட்டும்படி வேண்டுகிறேன்.