முயல் தொடை எலும்பு: சிடி மாடலில் நீளம் சரி, சுவர்த் தடிமன் மட்டும் ஏன் கூடுகிறது?

கேட்டவர்:
வணக்கம். இறந்த முயலின் பின்னங்கால்களைத் தசையோடு அப்படியே சிடி எடுத்து, தொடை எலும்பை 3டி மாடலாக்கி அளக்கிறேன். ஸ்கேனுக்குப் பிறகு ஒரு காலைச் சுத்தம் செய்து, எலும்பை நடுத்தண்டில் குறுக்கே அறுத்து வெர்னியரில் பார்த்தேன். சுவர் 1.2 மி.மீ. மாடலில் அதே இடத்தில் 1.7! மஜ்ஜைக் குழியும் சுருங்கித் தெரிகிறது. நீளம் மட்டும் ஓரளவு பொருந்துகிறது: வெர்னியரில் 95.8, மாடலில் 96.2.

ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) 0.6 மி.மீ., பார்வைப் புலம் 300 மி.மீ., மேட்ரிக்ஸ் 512 (ஒரு பக்கத்துக்கு 512 பிக்சல்). த்ரெஷோல்டு (எந்த அளவுக்கு மேல் எலும்பு என்று எடுப்பது என்ற வரம்பு), மென்பொருள் தானாகக் காட்டிய 226 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடி படத்தின் அடர்த்தி அலகு). மெஷினில்தான் கோளாறா? இரண்டு வாரமாக இதிலேயே நிற்கிறேன்.

பதில் 1:
மெஷின்மேல் சந்தேகம் வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. நீளத்திலும் 0.4 மி.மீ. கூடியிருக்கிறது, சுவரிலும் 0.5 கூடியிருக்கிறது. ஏறக்குறைய ஒரே பிழைதான். 96 மி.மீ. எலும்பில் அது கண்ணில் படாது, 1.2 மி.மீ. சுவரில் பூதாகரமாகத் தெரியும். ஸ்லைஸ் இடைவெளி தப்பாகப் பதிந்திருந்தால் நீளம்தான் முதலில் கெட்டிருக்கும்.

காரணம் அந்த 226. சிடி படத்தில் எலும்பின் விளிம்பு வெட்டினாற்போல் நிற்காது, தசைக்குள் சரிந்து இறங்கும். சரிவின் அடிவாரத்தில் கோடு போட்டால் சுவர் வெளியேயும் உள்ளேயும் வீங்கும். சரிவின் பாதி உயரத்தில் போட வேண்டும். ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் நடுத்தண்டு ஸ்லைஸைத் திறந்து, சுவருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, கே விசையை அழுத்துங்கள். வரும் வரைபடத்தில் உச்சம் எவ்வளவு, இரு பக்கத் தரை எவ்வளவு என்று இங்கே போடுங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். எலும்பின் உச்சம் 1450, தசை 60, மஜ்ஜை −50.

பதில் 1:
சரி. வெளி விளிம்புக்கு (1450+60)/2 = 755. உள் விளிம்புக்கு (1450−50)/2 = 700. ஒரே எண்தான் வேண்டுமென்றால் 730 வைக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இதே எலும்பைக் காயவைத்துக் காற்றில் ஸ்கேன் செய்தால் தரை −1000க்குப் போய்விடும், பாதி உயரம் 225. உங்கள் 226 அங்கே பொருந்தியிருக்கும்! அதனால் ஒருவர் கட்டுரையில் போட்ட த்ரெஷோல்டை அப்படியே எடுத்து வைக்கக் கூடாது.

பதில் 2:
இன்னொன்று. 300ஐ 512ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 0.586 மி.மீ. சுவருக்கு இரண்டு பிக்சல்தான் கிடைக்கிறது. மூல டேட்டா (மெஷின் பதிந்த அளவீடுகள்) இன்னும் அழியவில்லை என்றால் அதிலிருந்து 100 மி.மீ. புலத்தில் மறுபடி ரீகன் (படத்தை உருவாக்குவது) செய்யச் சொல்லுங்கள், 0.195 ஆகிவிடும். பல இடங்களில் மூல டேட்டாவைச் சில நாளில் அழித்துவிடுவார்கள், இன்றே கேளுங்கள். பிக்சல் சிறிதானால் மட்டும் மங்கல் முழுதும் போகாது, ஆனால் விளிம்பு எங்கே என்று தெளிவாகப் பிடிக்கலாம்.

அப்புறம், எலும்பு ஸ்லைஸுக்குச் சாய்வாகக் கிடந்தால் சுவர் தடித்தே தெரியும். 20 பாகைச் சாய்வுக்கே 6 சதவீதம் கூடும், 30க்கு 15. எலும்பின் அச்சுக்கு நேராகத் திருப்பிவிட்டு அளங்கள். வளைவு வலிமைக் கணக்குக்குப் போவதாக இருந்தால் இது ரொம்ப முக்கியம். பரப்பின் இரண்டாம் திருப்புத்திறன் (குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு) ஆரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். மாடல் முழுதும் 5 சதவீதம் பெருத்தாலே அது 21 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும்.

பதில் 3:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சுண்டெலித் தொடை எலும்பையும் இதே மெஷினில் இப்படி அளக்கலாமா?

பதில் 1:
முடியாது. அதன் சுவரே சுமார் 0.2 மி.மீ.தான். சுவர் மங்கலைவிட மெல்லியதானால் உச்சமே தாழ்ந்துவிடும், பாதி உயரம் என்ற கணக்கு உடைந்துவிடும். 10 மைக்ரான் அளவு வாக்சல் (முப்பரிமாணப் பிக்சல்) தரும் மைக்ரோ சிடி வேண்டும்.

கேட்டவர்:
மூல டேட்டா இருந்தது! 0.195இல் ரீகன் செய்து, அச்சைத் திருப்பி, 730 வைத்தேன். நடுத்தண்டுச் சுவர் 1.3, நீளம் 95.9. முழங்கால் பக்கம் அகன்று மெலியும் இடத்தில் சுவர் அரை மி.மீ.க்கும் கீழே போகிறது. அங்கே மாடலில் ஓட்டை ஓட்டையாக வருகிறது. த்ரெஷோல்டை இறக்கி அதை அடைக்க மனம் வரவில்லை, அந்தப் பகுதித் தடிமனை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பதில் 2:
எடுத்தது சரிதான். அடுத்த ஸ்கேனில், தெரிந்த தடிமனுள்ள மெல்லிய அலுமினியக் குழாய் ஒன்றைக் காலுக்குப் பக்கத்தில் வையுங்கள். எலும்பை அறுக்காமலே முறையைச் சரிபார்க்கலாம்.